மூன்றாவது ராட்

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் நூம்பலுக்குப் போய் மெக்கானிக் கார்த்திகேசனையே கேட்டுக்கொள்ளலாம். இது நடந்தது. அதுவும் நடுராத்திரியில் இல்லை. ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், பன்னிரண்டே காலுக்கு. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொன்ன புண்ணியவான், உச்சி வெயிலில் ஒரு தகர ஷெட்டுக்குள் தனியாக நின்று பார்த்ததில்லை போலிருக்கிறது.

ஆனால் விஷயம் அதற்கு ஆறு மாதம் முன்பே, ஆயுத பூஜை அன்று ஆரம்பித்துவிட்டது.

ஆவடியிலிருந்து வீரராகவன் என்று ஒரு பெரியவர் தன் காரைக் கார்த்திகேசன் ஷெட்டில் எஞ்சின் வேலைக்கு விட்டிருந்தார். பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் பாகங்களைச் சோதிக்கும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாலும் கை சும்மா இருக்கவில்லை. பூஜை அன்று காலையிலேயே ஷெட்டுக்கு வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கை மேஜைமேல் இரண்டு மரக்கட்டைகளில் கிடத்தி, பிஸ்டனை அதோடு இணைக்கும் நான்கு கனெக்டிங் ராடுகளையும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கிற வேலை. ராடுக்கு அடியில் ஒரு மூடி உண்டு. எந்த மூடி எந்த ராடுக்குப் பிறந்ததோ அதோடுதான் சேர வேண்டும். ஜோடி மாறினால் குடும்பம் உருப்படாது. மாட்டி இறுக்கியபின் ராடைக் கையால் தூக்கி விட்டால், அது தன் எடையில் மெதுவாகச் சாய்ந்து இறங்க வேண்டும். பொத்தென்று விழுந்தால் தளர்ச்சி. விழாமல் நின்றால் இறுக்கம். முதல் ராட் அழகாக இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. வீரராகவன் சட்டைப் பையிலிருந்து சின்னப் பாட்டிலை எடுத்து, இரண்டின் போல்ட்டிலும் பச்சை பெயின்டில் ஒவ்வொரு புள்ளி வைத்தார்.

"பாத்தது பாத்ததா இருக்கணும்ப்பா. மீதி ரெண்டையும் இதே மாதிரி பாத்துடு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மாலையில் பூஜை. ஸ்பேனர் எல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியாகிவிட்டது. அதற்கப்புறம்தான் கார்த்திகேசன், முன்பே மாட்டி இறுக்கியிருந்த மூன்றாவது ராடைத் தூக்கி விட்டுப் பார்த்தான். அது இறங்கவில்லை. கழுவப் போட்ட மண்ணெண்ணெய்த் தட்டில் மூன்றுக்கும் நான்குக்கும் மூடி மாறியிருக்கிறது. பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் பூஜையில் வைத்த ஸ்பேனரை எடுக்க வேண்டும். வைத்த ஆயுதத்தை மறுநாள்வரை தொட மாட்டார்கள் இல்லையா? பக்கத்தில் மரச் சுத்தியல் ஒன்று பொட்டு வைக்காமல் கிடந்தது. அதை எடுத்து ராடின் இரண்டு பக்கமும் நாலு தட்டு தட்டினான். ராட் ஆடியது. நான்காவதையும் அப்படியே தட்டிவிட்டான்.

மறுநாள் எடுத்துப் பார்த்திருக்கலாம். ஆடுகிறதே, அது போதும் என்று விட்டுவிட்டான்.

வண்டியை எடுக்க வந்தபோது வீரராகவன் கேட்டது மூன்றாவது ராடைப் பற்றி ஒரே கேள்வி. "மூணு பாத்தியாப்பா?"

"பாத்தேன் சார்."

ஒன்பதாம் நாள், நசரத்பேட்டை தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில், எஞ்சின் இறுகி வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை.

துக்க வீட்டில் அவர் மனைவி வசந்தா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நான்தான் சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்கன்னு போன் பண்ணி நச்சரிச்சேன். வேகமா வந்து போய்ட்டாரே." வாசலில் மாலையோடு நின்ற கார்த்திகேசன் அதைக் கேட்டான். வாயைத் திறக்கவில்லை. பழியை அந்த அம்மா தலையில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். சாப்பாடு இறங்கியது என்பதுதான் அவனுக்கு இன்றைக்கும் ஆறாத வெட்கம்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஆறு மாதம் குறுகுறுத்தது. பிறகுதான் அந்த ஞாயிறு.

வேறொரு கார், வேறொரு கிராங்க். பக்கத்துப் பட்டறைகள் எல்லாம் மூடியிருந்தன. ஷெட்டில் அவன் மட்டும்தான்.

12.15. முதல் ராடை மாட்டினான். மெதுவாக இறங்கியது. சரி.

12.21. இரண்டாவது. அதுவும் சரி. துணியை எடுக்கத் திரும்பினான். மறுபடி மேஜையைப் பார்த்தான்...

இரண்டு போல்ட்டிலும் பச்சைப் புள்ளி.

பழைய பெயின்டாக இருக்கும் என்று நினைத்தான். ஆனால் அவனே மண்ணெண்ணெயில் தேய்த்துக் கழுவிய போல்ட்டுகள் அவை. விரலால் தொட்டான். ஈரம். ஷெட்டில் பச்சை பெயின்டே கிடையாது.

12.29. மூன்றாவது ராட். மூடியின் குறியைப் பார்த்தான். ராடின் குறியைப் பார்த்தான். இரண்டிலும் மூன்று. ஜோடி மாறவில்லை. எண்ணெய் விட்டு, இறுக்கி, தூக்கி விட்டான்.

இறங்கவில்லை.

பிரித்தான். துடைத்தான். மறுபடி மாட்டினான். தூக்கி விட்டான்.

நின்றது... அப்படியே நின்றது.

12.34. ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் கை என்ன செய்தது தெரியுமா? பழகின கை. மரச் சுத்தியலை எடுத்தது.

ஓங்கினான்.

பெயின்ட் வாசனை வந்தது.

முதுகுக்குப் பின்னால், மிக அருகில்...

"மூணு பாத்தியாப்பா?"

அவன் திரும்பவில்லை. யோசிக்கவும் இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"பாத்தேன் சார்."

மூன்றாவது ராட் விழுந்தது. டக்.

தானாக எழுந்தது.

டக்.

எழுந்தது... டக்.

எண்ணினான். ஒன்பது.

பிறகு சத்தமே இல்லை.

முதுகில் ஏதோ பட்டது. ஒரே இடம். சில்லென்று.

சுத்தியலைப் போட்டுவிட்டு வெயிலில் ஓடினான். அப்போது மணி 12.38.

வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றியதும் மனைவி லாவண்யா பார்த்துவிட்டாள். "இன்னாயா இது, முதுகுல செவப்பா? பெயின்டா?"

இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, பட்டாணி அளவில் ஒரு சிவப்புப் புள்ளி. அவன் கை எட்டாத இடம். சட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். உள்ளும் புறமும் சுத்தம். மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். தோல்தான் எரிந்தது. அப்போதுதான் கார்த்திகேசன் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னான். பூஜை, சுத்தியல், பொய், துக்க வீடு.

லாவண்யா மண்ணெண்ணெய்த் துணியைக் கீழே போட்டாள். "என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அந்தம்மாவாண்ட போய் சொல்லு," என்றாள்.

நான்கு மணிக்கு ஆவடியில் வசந்தா வீட்டில் உட்கார்ந்திருந்தான். அலமாரியில் அந்த அம்மாவின் போன் ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தது. புருஷன் போன நாளிலிருந்து அவர் யாருக்கும் போன் செய்வதில்லையாம். அதைக் கேட்டபிறகு அவனால் சுற்றி வளைக்க முடியவில்லை. செய்ததைச் செய்தபடியே சொல்லிவிட்டான். திட்டுவார், அடிப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்போ... நான் போன் பண்ணதால இல்லையா?"

"இல்லம்மா. என்னாலதான்."

வசந்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நெடுநேரம் அழுதார். அவனைப் போகச் சொல்லவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை.

அழுகை ஓய்ந்தபிறகு அவன் கேட்டான். "சாரோட அந்தப் பச்சை பெயின்ட் பாட்டில் எங்கம்மா கீது?"

"அவர் சட்டைப் பையிலயே வச்சு அனுப்பிட்டேன்ப்பா. ரெண்டையும்."

"ரெண்டா?"

"பச்சை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. எப்பவும் ரெண்டும் வச்சிருப்பாரே. அவரோடயே எரிஞ்சிடுச்சு."

"சிவப்பு எதுக்கும்மா?"

"தேறாததுக்கு. சிவப்பு வச்சுட்டார்னா அது வெளிய போகக்கூடாது. ரிப்பேர் பண்ணவும் விட மாட்டார். உலையில போட்டு உருக்கணும், அவ்வளவுதான்."

கார்த்திகேசன் நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தான். தன் முதுகில் இருப்பதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

இப்போதும் ஷெட் நடக்கிறது. நான்கு ராடையும் நான்கு தடவை பார்க்கிறான். எவ்வளவு வெயில் அடித்தாலும் சட்டையைக் கழற்றுவதில்லை. வசந்தா அம்மா மட்டும் போனை மறுபடி எடுத்துவிட்டார். வாரம் ஒருமுறை, ஞாயிறு பகல் பன்னிரண்டே காலுக்கு, அவனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்கிறார்.

"மூணு பாத்தியாப்பா?"

அந்த ஞாயிறு ஷெட்டில் என்ன நடந்தது, அப்போது மணி என்ன என்று அவன் அவரிடம் இதுவரை சொன்னதே இல்லை.