‘ஒண்ணுமில்லக்கா, விளையாட்டுதான்!’

போன வருடம், தீபாவளி மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தேன். கணவருக்கு ஓசூரில் வேலை. நானும் பிளஸ் டூ படிக்கும் மகளும் ஏரிக்குப் பக்கத்து அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம்.

நடைபாதை முடிந்து புதர் மண்டிக் கிடக்கும் இடம் வரை வந்துவிட்டேன். அங்கே கரையில் நான்கு கல்லூரி மாணவர்கள் நின்றிருந்தார்கள். ஐந்தாவது பையன் ஏரிக்குள், மார்பளவுத் தண்ணீரில், இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றான். குளிக்கிறார்கள் போல என்று திரும்பப் போனேன். அப்போதுதான் காதில் விழுந்தது.

“இன்னும் உள்ள போடா. நீச்சல் தெரியாதுன்னா இன்னிக்குக் கத்துக்கோ.”

ஒருவன் அதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். “தம்பி, மொதல்ல மேல ஏறி வா” என்றேன், பையனைப் பார்த்து.

படம் பிடித்தவன் திரும்பினான். “இன்னாக்கா? அவன் எங்க ஜூனியரு. சும்மா கலாய்ச்சிகினு கீறோம். நீ உன் வேலையப் பாத்துகினு போ.”

தண்ணீரில் நின்றவனும் சிரித்தான். “ஒண்ணுமில்லக்கா, விளையாட்டுதான்.”

உதடு நடுங்க அவன் சிரித்த சிரிப்பு, கரையில் நின்றவனின் மிரட்டலைவிட அதிகமாக என்னைப் பயமுறுத்தியது. போலீசைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அதற்குள் சேற்றில் அவன் கால் வழுக்கி, தலை உள்ளே போய்விட்டது. கை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

அலறினேன். எனக்கும் நீந்தத் தெரியாது. நால்வரும் அசையாமல் நின்றார்கள். பிறகு அவர்களில் ஒருவன், முகம் வெளிறிப்போய், சட்டென்று குதித்தான். சட்டைக் காலரைப் பிடித்து அவனைக் கரைக்கு இழுத்துவந்து போட்டான். மற்ற மூவரும் பைக்கில் பறந்துவிட்டார்கள். காப்பாற்றியவனும் பின்னாலேயே ஓடிப்போனான்.

இருமி இருமித் தண்ணீரைத் துப்பிவிட்டு, அந்தப் பையன் முதலில் சொன்னது இதுதான்: “போலீஸ் வேணாங்க்கா. இவங்க இருக்கற காலேஜ்லதான் நான் படிச்சாகணும்.”

வீட்டுக்கு அழைத்துவந்து, துவட்டத் துண்டு கொடுத்து, அவனை ஆஸ்பத்திரியில் காட்டினேன். தகவல் கேட்டு விழுப்புரம் பக்கத்திலிருந்து அவன் அப்பா ஓடி வந்தார். கல்லூரியில் புகார் கொடுத்தார். பார்த்த சாட்சி நான் ஒருத்திதான். ராகிங் விசாரணைக் குழு என்னை வரச் சொன்னது.

விசாரணைக்கு முந்தின நாள் மாலை, எங்கள் வாசலில் ஒரு பைக் நின்றது. படம் பிடித்தவன்தான்; எங்கள் வீட்டை எப்படியோ விசாரித்துக் கண்டுபிடித்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி, ரொம்ப மரியாதையாகக் கேட்டான். “அக்கா, உங்க பொண்ணு எந்த ஸ்கூலு?”

உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டேன். போக வேண்டாம் என்றே முடிவு செய்துவிட்டேன். விஷயத்தைக் கேட்ட மகள் கதவின் தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு, “நான் நாளைக்கு லீவு போட்டு பக்கத்து வீட்டு ஆன்ட்டிகூட இருந்துக்கறேன். நீ போயிட்டு வாம்மா” என்றாள். அவள் முகத்திலும் பயம் இருந்தது.

விசாரணை அறையில் நால்வரும் பெற்றோருடன் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பையனைக் கேட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “நானாதான் சார் குளிக்க எறங்கினேன்” என்றான். இனி நான் சொல்வதை யார் நம்புவார்கள்? ஆனாலும் பார்த்ததைச் சொன்னேன். வாசலில் வந்து கேட்ட கேள்வியையும் சொன்னேன். நடுவில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

ஏரியில் குதித்தவன் திடீரென்று எழுந்தான். “அந்தக்கா சொல்றது நெஜம் சார். வீடியோ கூட இவன் போன்ல கீது” என்றான். அவன் அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அதைக் கேட்டபிறகுதான் அந்தப் பையன் உடைந்து அழுதான். கல்லூரி திறந்ததிலிருந்து நடந்த எல்லாவற்றையும் சொன்னான். கேட்க முடியவில்லை.

கல்லூரியே போலீசில் புகார் கொடுத்தது. மூன்று பேரை நீக்கினார்கள். உண்மையைச் சொன்னவனுக்கு ஒரு வருட இடைநீக்கம். பையன் அங்கேயே படிக்கிறான்.

இப்போதும் பின்னால் ஒரு பைக் வேகம் குறைந்தால் என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் பயம் தெளியட்டும், பிறகு பேசலாம் என்று இருந்திருந்தால், அன்று அந்த அறையில் நான் வாயே திறந்திருக்க மாட்டேன் என்பதை நினைக்கும்போதுதான் எனக்கு அதைவிடப் பெரிய பயம் வருகிறது.