அறுபத்தெட்டு ஜிபி

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. பல் லேபில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தெருவுக்கே அவள் பல்லக்கா. பல்செட் செய்கிற வேலை. மருத்துவர்கள் எடுத்தனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, அதன்மேல் இளஞ்சிவப்பு மெழுகில் ஈறு செதுக்கி, பல்லை ஒவ்வொன்றாக நட்டுத் தருவாள். இருபத்திரண்டு வருடமாக அதே ஸ்டூல், அதே மேசை விளக்கு. "நான் வச்சுக் குடுத்த பல்ல வச்சுக்கிட்டே என்னைக் கடிச்சுப் பேசுறவங்க எத்தனை பேர் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள்.

கை அவ்வளவு நிதானம். ஆனால் வண்டி ஓட்ட வராது. ஒருமுறை ஸ்கூட்டர் பழகப் போய், நின்றுகொண்டிருந்த தண்ணீர் லாரியில் மோதினாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டுக்கு யார் வந்தாலும் டீ ஆறுவதற்குள் இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுவார்.

அப்படிப்பட்டவள் லாரி ஓட்டத் தொடங்கியது, மகள் மேற்படிப்புக்கு வெளியூர் போன வருடம். மகள் விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரில் ஒரு ஆன்லைன் விளையாட்டு இருந்தது. நான்கு பேர் ஒரு குழு, ஆளுக்கொரு லாரி. பாரம் ஏற்றிக்கொண்டு பனிமலையைத் தாண்ட வேண்டும். தூசி தட்டப் போனவள் எதையோ அழுத்த, எஞ்சின் உறுமியது. ஒரு மாதத்தில் கொண்டை ஊசி வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாள். மெழுகைச் சுரண்டிப் பழகிய விரலுக்கு, எவ்வளவு அழுத்தினால் சக்கரம் வழுக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. விளையாட்டில் அவள் பெயர் 'பல்லக்கு'.

மாடியில் ஓரகத்தி இருந்தாள். கணவரின் தம்பி மனைவி. இவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். மாமனார் வீட்டைப் பிரித்துக் கொடுத்தபோது மூத்தவனுக்குக் கீழ்த்தளம், இளையவனுக்கு மாடி. மாடிக்கு வெயில் வரும், காற்று வரும், தெருவைப் பார்த்த பால்கனி உண்டு. கீழ்த்தளத்துக்குக் கொசு வரும். பல்லக்கா இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. பால்கனியில் துணி காய்வதைக் கீழிருந்து பார்க்கும்போது மட்டும், தன் துணி நடையில்தானே ஈரவாடையோடு தொங்குகிறது என்று நினைத்துக்கொள்வாள்.

ஆனாலும் இளையவளுக்கு லாரி ஓட்டச் சொல்லிக்கொடுத்தது பல்லக்காதான். பகலெல்லாம் மாடியிலேயே அடைந்து கிடக்கிறாளே என்று இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டாள். 'மீசை' என்ற பெயரில் விளையாடும் ஒரு பேக்கரிக்காரரும், வேறொரு ஊரிலிருக்கும் நர்ஸம்மாவும் வந்து சேர, குழு நான்காயிற்று. பல்லக்காதான் கேப்டன். மாலை ஆறு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "மீசை, உங்க பின்சக்கரம் ஓரத்துல நிக்குது. மூச்சு விடாம வலப்பக்கம் திருப்புங்க" என்று அவள் சொல்கிறபோது, முகம் தெரியாத அந்த மனிதர் மூச்சுவிடாமல்தான் திருப்புவார். வேறெங்கும் அவள் சொல்லை அப்படிக் கேட்க ஆளில்லை.

வருடத்துக்கொருமுறை பெரிய போட்டி. அந்த வருடம் சனிக்கிழமை இரண்டு மணிக்குத் தொடக்கம். அதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழன் மாலை, கம்ப்யூட்டரைப் போட்டவுடன் திரை நடுவில் ஒரு கட்டம் வந்தது. கட்டாய அப்டேட். அறுபத்தெட்டு ஜிபி. இறக்காமல் உள்ளே போக முடியாது. 'பிறகு' என்று ஒரு பட்டன்கூட இல்லை.

கீழ்வீட்டு இணைப்பு நத்தைக்குத் தம்பி. கட்டத்தின் அடியில் மீதி நேரம் வந்தது: முப்பத்தெட்டு மணி நேரம்.

"ஒரு ரோட்டுல ரெண்டு மரம் நடுறதுக்கு அறுபத்தெட்டு ஜிபியா? வீட்டையே தூக்கிட்டு வந்து வைக்கிறானுங்க போல" என்றாள்.

கணவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "லிஃப்ட் வரலைன்னா படியில ஏறிப் போக வேண்டியதுதான்."

"முதல்ல அந்த வீடியோவ நிறுத்துங்க. எனக்கு வர்ற கொஞ்சத்தையும் நீங்கதான் குடிச்சுட்டு இருக்கீங்க."

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம். இளையவள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அப்டேட் பாத்தீங்களா? புது மலை, புது பாலம், அருவியெல்லாம் இருக்கு. நான் ஒரு சுத்து போயிட்டே வந்துட்டேன்!"

கொழுந்தன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். மாடிக்கு வேகமான ஃபைபர் இணைப்பை அவருடைய ஆபீஸே போட்டுக் கொடுத்திருந்தது.

"உனக்கு எவ்வளவு நேரமாச்சு?" என்று பல்லக்கா கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"அரிசி களைஞ்சு வச்சுட்டு வந்தேன், முடிஞ்சிருந்துச்சு. உங்களுக்கு எவ்வளவு காட்டுது?"

"ஆயிடும், ஆயிடும்." நாற்காலியை நகர்த்தித் திரையை மறைத்துக்கொண்டாள்.

"மேல தூக்கிட்டு வாங்களேன் அக்கா. எங்க வைஃபைல போட்டா உடனே முடிஞ்சுடும்."

அந்த நொடியில் சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் தான் சேர்த்துவிட்டவளிடம், தான் கேப்டனாக இருக்கிற குழுவுக்குள் போக, கம்ப்யூட்டரை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியேறி நிற்பதா?

"எதுக்கு? சனிக்கிழமை காலையில முடிஞ்சுடும். நீ போய் அடுப்பைப் பாரு."

இளையவள் மறுபடி கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை லேபிலும் பல்லக்காவுக்கு நினைவெல்லாம் அந்தச் சதவீதம்தான். நாற்பத்தொன்று இருந்ததே, இப்போது ஐம்பதாகியிருக்குமா? இந்நேரம் இளையவள் புது மலையில் எத்தனை சுற்று ஓட்டியிருப்பாள்? எந்த வளைவில் பனி, எங்கே மணல் என்று அத்தனையும் அவளுக்கு அத்துப்படியாகியிருக்கும். நாளைக்கு அவள் வழி சொல்ல, தான் கேட்டு ஓட்டவேண்டி வருமோ?

"என்னம்மா இது?" லேப் முதலாளி ஒரு பல்செட்டை விளக்கின் கீழ் பிடித்தார். "இடப்பக்கத்துப் பல்லு வலப்பக்கம் இருக்கு, வலப்பக்கத்துது இடப்பக்கம். போட்டுக்கிட்டா அந்த மனுசன் கண்ணாடிக்குள்ள இருந்து சிரிக்கிற மாதிரி இருக்கும்."

அத்தனை வருடத்தில் முதல் முறை. காது சிவக்க அதை வாங்கி, மெழுகை உருக்கிப் பிடுங்கி மறுபடி நட்டாள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு மணிக்கு ஓட்டமும் நடையுமாக வீடு வந்தாள். நூறு சதவீதம். கைப்பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுத்தினாள். திரை கறுத்தது. இன்னொரு கட்டம் வந்தது. அப்டேட்டில் சில கோளாறுகள் இருந்தனவாம். அவற்றைச் சரிசெய்ய இன்னொரு கட்டாய அப்டேட். ஒன்பது ஜிபி. மீதி நேரம் ஐந்து மணி.

பல்லக்கா திரையைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.

இரண்டு மணிக்குச் செல்போனில் இளையவளின் செய்தி வந்தது. 'அக்கா, உங்களுக்கு இன்னும் ஆகல போல. நாலு பேர் இல்லன்னா சேத்துக்க மாட்டாங்களாம். உங்க இடத்துல அவரை உக்கார வைக்கிறேன். கேப்டன் நானே பாத்துக்கிறேன்.'

கொழுந்தனுக்கு விளையாட்டில் முன்சக்கரம் எது, பின்சக்கரம் எது என்று தெரியாது. அந்த ஆளா என் இடத்தில்? யாரிடம் சொல்லி அழுவது? சொன்னால், ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்றுதான் சிரிப்பார்கள்.

இளையவளின் அறை சரியாக இவள் தலைக்கு மேலே. முதலில் நாற்காலிச் சக்கரம் உருளும் சத்தம். பிறகு கொழுந்தனின் அலறல்: "ஐயோ, பள்ளத்துல விட்டுட்டேன்!" அதைத் தொடர்ந்து சிரிப்பு. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி பள்ளம், மறுபடி சிரிப்பு.

அவர்கள் திணறியிருந்தால் பல்லக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். 'அக்கா இல்லாம முடியல' என்று ஒரு குரல் வந்திருந்தால் போதும், ஆறியிருப்பாள். தான் இல்லாமலும் சிரிக்கிறார்கள். அதுதான் பொறுக்கவில்லை. நான்கு மணிக்கு, "இன்னும் ஒரே ஒரு ஏத்தம்! மீசை, வலப்பக்கம், வலப்பக்கம்!" என்று இளையவள் கத்துவது மேலிருந்து கேட்டது. தன் தொனி. தன் வார்த்தை.

வீட்டு மின்பெட்டி கீழ்த்தளத்து நடையில் இருந்தது. இரண்டு மெயின் சுவிட்ச். ஒன்றில் 'கீழ்', மற்றதில் 'மேல்' என்று கணவர் பெயின்டால் எழுதியிருந்தார். அங்கே எப்படி நடந்து போனாள் என்று அவளுக்கே பின்னால் நினைவில்லை. 'மேல்' என்றதைக் கீழே தட்டினாள்.

மாடி வாயடைத்துப் போனது.

படியில் யாரோ இறங்கி வந்தார்கள். பல்லக்கா அவசரமாக அறைக்குத் திரும்பி, கைக்குக் கிடைத்த துணியை மடிக்கத் தொடங்கினாள். இளையவள் கழுத்தில் ஹெட்போனோடு வாசலில் நின்றாள்.

"அக்கா, மேல கரண்ட் போயிடுச்சு."

"அப்படியா?"

இளையவள் நிமிர்ந்து, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள். திரையில் ஊர்ந்துகொண்டிருந்த சதவீதத்தைப் பார்த்தாள். கடைசியாகப் பல்லக்காவைப் பார்த்தாள். பிறகு நடைக்குப் போய்ச் சுவிட்சை மேலே தட்டினாள்.

"ட்ரிப் ஆகியிருக்கும்" என்று அவளே சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

திட்டியிருந்தால் பல்லக்காவும் பதிலுக்கு இரண்டு கொடுத்திருப்பாள். அந்த 'ட்ரிப் ஆகியிருக்கும்' அவளை அப்படியே உட்காரவைத்துவிட்டது. துணியை மடிக்கிறேன் என்று தலையணை உறையை ஏழெட்டு மடிப்பு மடித்திருந்தாள்.

ஐந்து மணிக்கு மீசையின் குரல் செய்தி வந்தது. "எல்லாம் போச்சுங்க கேப்டன். கடைசி ஏத்தத்துல சிட்டு வீட்ல கரண்ட் போயி, ரெண்டு லாரி அப்படியே மறைஞ்சுடுச்சு. போட்டியவிட்டே தூக்கிட்டாங்க. நீங்க இருந்திருந்தா மிச்ச மூணு வண்டிய வச்சே மேல ஏத்தியிருப்பீங்க." 'சிட்டு' என்பது விளையாட்டில் இளையவளின் பெயர். இரண்டு நாளாக எந்தப் பாராட்டுக்கு ஏங்கினாளோ, அதுதான் வந்திருந்தது. முழுதும் கேட்க முடியாமல் பாதியில் நிறுத்தினாள்.

ஞாயிறு காலை கணவர் குளிக்கப் போனதும் படியேறினாள். இளையவள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"நேத்து சுவிட்ச அணைச்சது நான்தான்."

"தெரியும்" என்றாள் இளையவள், ஒரு சட்டையை உதறியபடி.

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல? நாலு வார்த்தை கேட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்."

"உங்களுக்கு நிம்மதி குடுக்கவா இறங்கி வந்தேன்?" உதறிய சட்டையைக் கொடியில் வீசினாள். "இன்னும் பத்து நிமிஷம் அக்கா. பத்தே நிமிஷம். நான் கேப்டனா இருந்து முதல் தடவை ஏறியிருப்பேன்."

பல்லக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தப்புதான்" என்றாள்.

இளையவள் இன்னும் இரண்டு துணியைப் போட்டாள். கிளிப்பை மாட்டினாள். பிறகு இவள் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"வியாழக்கிழமை மேல வாங்கன்னு கூப்பிட்டேன்ல? ஒரு தடவைதான் கூப்பிட்டேன். ரெண்டாவது தடவை கூப்பிட்டா சரின்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

"என்ன?"

"உங்களுக்கு அது முடியவே கூடாதுன்னு நினைச்சேன். ரெண்டு நாளும் நினைச்சேன். நீங்க காலையில பையத் தூக்கிட்டு வேலைக்குப் போறீங்க. ஊரே பல்லக்கா பல்லக்கான்னு கூப்பிடுது. சாயங்காலம் வந்தா அங்கயும் நீங்கதான் கேப்டன். நான் இந்த நாலு சுவத்தையே பாத்துட்டு இருக்கேன். எனக்கும் ஒரு நாள் வேணும்ல?"

பார்த்துப் பொறாமைப்படும் அளவுக்குத் தன்னிடம் ஏதாவது இருக்கும் என்று பல்லக்கா ஒருநாளும் நினைத்ததில்லை. பிளாஸ்டர் தூசியும் கொசுவும்தான் தன் சொத்து என்றல்லவா நினைத்திருந்தாள். வெட்கத்துக்கு நடுவே உள்ளுக்குள் லேசாக இனித்தது. அப்படி இனித்ததற்கும் வெட்கமாக இருந்தது.

"அடிப் பாவி" என்றாள்.

"நீங்க மட்டும் என்னவாம்?" என்றாள் இளையவள். முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது. ஆனால் வாளியிலிருந்த போர்வையின் ஒரு முனையை எடுத்து நீட்டினாள். பல்லக்கா மறுமுனையைப் பிடித்துக்கொள்ள, இருவரும் முறுக்கிப் பிழிந்தார்கள்.

மீசையிடமும் நர்ஸம்மாவிடமும் கரண்ட் போனதாகவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அந்தப் பொய் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அந்த வாரத்திலிருந்து ஒரு மாதம் இவள், ஒரு மாதம் அவள் என்று கேப்டன் பதவி கைமாறியது. தன் முறை இல்லாத மாதங்களில் பல்லக்கா அடிக்கடி தொண்டையைச் செருமுவாள். வைஃபை பாஸ்வேர்டை இளையவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். இரண்டு மாதம் கழித்து அடுத்த அப்டேட் வந்தபோது, கொழுந்தனே இறங்கி வந்து, "குடுங்க அண்ணி" என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்.

இருவரும் போர்வை பிழிந்த அந்த ஞாயிறு பிற்பகல் வீட்டில் யாரும் இல்லாதபோது பல்லக்கா முதல்முறையாகப் புது மலைக்குப் போனாள். தனியாக, பாரமில்லாத லாரியில். பாலத்தைத் தாண்டியதும் அருவி வந்தது. நீர்த்திவலை கண்ணாடியில் விழ, வைப்பர் அசைந்தது. தூரத்தில் பனிச்சிகரத்தின் மேல் வெயில் மஞ்சளாகக் கிடந்தது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். நன்றாகத்தான் இருந்தது. அறுபத்தெட்டும் ஒன்பதும் எழுபத்தேழு ஜிபிக்குத் தகும் என்று ஒப்புக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை. இதையெல்லாம் இளையவள் தனக்கு முன்பே பார்த்துவிட்டாள் என்ற நினைப்பு, பல்லிடுக்கில் மாட்டிய நார்போலக் கொஞ்ச நேரம் உறுத்திக்கொண்டிருந்தது. நாக்கால் அதைத் துழாவியபடியே கியரைப் போட்டு மேலே ஏறினாள்.