செவிப் பரிசோதனை மையத்தில் கொடகொடத்த தொட்டி

காது சரியாகக் கேட்காதவர்கள் வந்து காத்திருக்கும் கூடத்தில், ஓயாமல் கொடகொடக்கும் மீன்தொட்டியை நிறுவிய பெருமை எங்கள் கடையைச் சேரும்.

நான் மதுரையில் முதுகலைத் தமிழ் படிக்கிறேன். வகுப்பில்லாத நேரத்தில் ஒரு வண்ணமீன் கடையில் வேலை. தொட்டி அமைக்கப் பழகுகிறவர்களுக்குப் பயன்படலாம் என்றே இதை எழுதுகிறேன். அமைப்பு எளியது. மேல்தொட்டியில் நிரம்பும் நீர், மூலைத் தடுப்பின் இடுக்குகள் வழியே புகுந்து, பிவிசி பைப்பில் 'சம்ப்' எனப்படும் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். பம்ப் அதை மீண்டும் மேலே ஏற்றும். இறங்கும் நீரோடு காற்றும் சேர்ந்துகொண்டால் கொடகொடப்பு பிறக்கும்.

சமயநல்லூரில் புதிதாக மையம் திறந்திருந்த செவிப் பரிசோதகர் அம்மையார் போனில் பேசியதை முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, டெஸ்டுக்கு ஒருத்தரும் உக்கார மாட்டேங்குறாங்க. தொட்டிச் சத்தத்தக் கேட்டுட்டு, 'எனக்குத்தான் நல்லாக் கேக்குதே'ன்னு எந்திரிச்சுப் போயிர்றாங்க. கொடகொடப்பு கேட்டாப் பேச்சும் கேக்கும்னு அர்த்தமில்லண்ணே. சத்தத்த நிறுத்துங்க. இல்ல, தொட்டியத் தூக்கிட்டுப் போங்க."

"போகப் போகச் சரியாயிரும்மா," என்றார் முதலாளி. மீன் செத்தாலும், கண்ணாடி கீறினாலும் அவர் எழுதித் தரும் மருந்து அதுவே. இம்முறை அது எடுபடவில்லை. என்னைப் பார்த்தார்.

"பாப்பா, நீ போயிட்டு வா. நீதான் வாயே தொறக்க மாட்ட. சத்தமில்லாத சோலி ஒனக்குத்தான் தோதுப்படும்."

தொழில்நுட்பத் தகுதி இவ்வாறு தீர்மானிக்கப்பட்டது.

அங்கே தடுப்புக்குள் நின்ற இரண்டு பைப்களிலும் நீர் அரைகுறையாக இறங்கிக்கொண்டிருந்தது. முதல் பைப்பில் கேட் வால்வு பொருத்தி, காற்று புக இடமில்லாமல் அது முழுதாக நிறைந்து ஓடும்வரை சிறிது சிறிதாக மூடினேன். அதன் நுனி சம்ப் நீருக்குள் சற்றே மூழ்கும்படி வைத்தேன். இரண்டாவது பைப்பின் வாயைச் சற்று உயர்த்தினேன்; அது வெறுமனே நிற்க வேண்டியது. முதலாவது அடைபட்டால் மட்டும் அதற்கு வேலை. சத்தம் நின்றது. அம்மையார் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஓடுதாம்மா, இல்ல ஆஃப் பண்ணிட்டியா?" என்றார். எங்கள் கடைக்கு அதைவிட உயர்ந்த நற்சான்று கிடைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை சத்தம் திரும்பியது. போய்ச் சரிசெய்தேன். அடுத்த வெள்ளியும் சத்தம் வந்தது. முதலாளி மின்னழுத்தத்தைக் குற்றம் சொன்னார். பிறகு காற்றைச் சொன்னார். இறுதியில், "வெள்ளிக்கெழம தண்ணிச் சத்தம் லட்சுமின்னு சொல்லிப் பாரேன்," என்றார். அம்மையாரிடம் நான் அதைச் சொல்லவில்லை. அதற்கடுத்த வெள்ளி காலையில் மையம் திறக்கும்போதே போய் உட்கார்ந்துகொண்டேன்.

வரவேற்பில் இருக்கும் செல்வி அக்கா விளக்கேற்றினார். தொட்டிக் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பிறகு ஒரு முழம் மல்லிகையை, வேறெங்கும் இடமில்லாததுபோல், மூலைத் தடுப்பின் மேலேயே சாத்தினார். விசிறிக் காற்றில் உதிர்ந்த பூக்கள் இடுக்கு வழியே நுழைந்து, பாதி மூடிய வால்வில் போய் அடைத்தன. தடுப்புக்குள் நீர் ஏறி இரண்டாவது பைப்பில் விழுந்தது. கொடகொடப்பு.

"இந்தா, ஆரம்பிச்சிருச்சு. இரு பாப்பா, அமத்துறேன்," என்று மேசை துடைக்கும் துணியைச் சுருட்டி, அந்தப் பைப்பின் வாயில் திணித்தார். "சும்மா கெடக்குற பைப்புதான? இதுக்கு எதுக்கு இம்புட்டு வாயி?"

சத்தம் உடனே நின்றது. நீர் நிற்கவில்லை. விளிம்பைத் தாண்டித் தரையில் இறங்கி, கருவிகள் இருந்த பரிசோதனை அறையின் வாசலை நோக்கி ஓடியது. முதலில் பம்ப்பின் பிளக்கைப் பிடுங்கினேன், பிறகு துணியை.

அம்மையார் நனைந்த வாசலில் நின்றார். "அந்த ரெண்டாவது பைப்பையும் ஊமையாக்கிரும்மா. இல்லாட்டி இன்னைக்கே தொட்டிய எடுத்துரு."

"முடியாது மேடம். அது சத்தம் போட்டாத்தான் அடைப்புன்னு உங்களுக்குத் தெரியும். அத ஊமையாக்குனா அடுத்த தடவ தண்ணி நேரா உங்க மெஷின்கிட்டத்தான் வந்து சொல்லும்."

கடையில் சேர்ந்த பிறகு நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. அவர் தரையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். "சரி, இருக்கட்டும்," என்றார்.

பூவை நிறுத்த முடியாது. அதைக் கேட்கும் துணிவு எனக்கில்லை. இடுக்குகளின் மேல் வலை பொருத்தினேன். மல்லிகையைத் தொட்டியின் மறுகோடிக்கு மாற்றச் சொன்னேன். "அங்கிட்டு வச்சாலும் சாமி ஏத்துக்கும்ல?" என்று கேட்டுவிட்டு அக்காவே ஒப்புக்கொண்டார். நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: ஓடும் பைப்பின் சத்தத்தை அடக்குங்கள், காவலிருக்கும் பைப்பின் சத்தத்தை அடக்காதீர்கள்.

வால்வைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். கூடம் அமைதியானது. செல்வி அக்கா ஒரு பெரியவரின் பெயரைச் சொல்லி அழைத்தார். அவர் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மீண்டும் அழைத்தார். அவர் மனைவி தோளைத் தொட்டு, "ஒங்களத்தான் கூப்புடுறாக," என்றார். பெரியவர் தொட்டியை ஒருமுறையும் மனைவியை ஒருமுறையும் பார்த்தார். பிறகு எழுந்து பரிசோதனை அறைக்குள் போனார்.