அரை நிமிடம் பிந்திய கல்யாணம்

நூறு கல்யாணத்துக்குப் போயிருப்பாள். ஒன்றைக்கூடக் கண்ணாரப் பார்த்ததில்லை. நேரலைக்காரிக்கு மேடையைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? கேமரா பிடித்த படம் சின்னச் சின்னத் துண்டுகளாகி, இணையத்தில் ஏறி, எங்கேயோ இருக்கும் சர்வரைத் தொட்டுவிட்டு, பார்ப்பவர் கைக்குப் போய்ச் சேர அரை நிமிடம் பிடிக்கும். ஒழுங்காகச் சேர்ந்ததா என்று கைபேசியில்தான் பார்க்க வேண்டும். அதனால் மேடையில் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் இவள் சிரிப்பாள். சித்தப்பா அவளுக்கு 'டியூப்லைட்' என்றே பெயர் வைத்திருந்தார்.

அன்று தங்கை கல்யாணம். அப்பாவோ கால் முறிந்து, மாவுக்கட்டோடு மருத்துவமனையில் கிடந்தார். அவருக்கு எப்படியாவது கல்யாணத்தைக் காட்டியாக வேண்டும்.

"இன்னைக்காவது வேற யாரையாவது உக்கார வையேன், அக்கா" என்று தங்கை கெஞ்சிப் பார்த்தாள்.

"எவனாவது சொதப்பினா அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று சொல்லி, புதுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

மோதிரம் மாற்றப்போகிற நேரம் பார்த்துப் படம் நின்று தொலைத்தது. கைபேசியில் மாப்பிள்ளை வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றார். சொந்தபந்தம் மொத்தமும் மண்டபத்து வைஃபையில் போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தால் வேறென்ன ஆகும்! அவள் துள்ளி எழுந்தாள்.

"மாப்பிள்ளை, மோதிரத்தைப் போட்டுடாதீங்க!" என்று கத்தினாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவசர அவசரமாகத் தன் சிம்முக்கு மாறினாள், படத்தின் தரத்தைக் கொஞ்சம் இறக்கினாள். படம் மெல்ல அசைந்தது.

"இப்ப போடுங்க!"

சற்று நேரத்தில் அப்பா போனில் வந்தார். "எல்லாம் பாத்தேம்மா. மனசு நெறஞ்சு போச்சு" என்றவர் தயங்கினார். "ஆனா எனக்கு ரெண்டு பொண்ணுல்ல? நீ ஒருத்தியத்தான காட்டுற?"

அவள் கேமராவை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு, போனும் காதுமாக மேடைக்கு ஓடித் தங்கையின் தோளைக் கட்டிக்கொண்டாள். போட்டோக்காரர் எடுத்து முடித்தார். இருவரும் நகரவில்லை.

"எறங்கும்மா, பின்னால எவ்வளவு ஜனம் நிக்குது பாரு" என்றார் சித்தப்பா.

"கொஞ்சம் இருங்க சித்தப்பா. நாங்க இன்னும் அப்பாகிட்டப் போய்ச் சேரல."

இருவரும் கேமராவைப் பார்த்தபடி நின்றார்கள். பிறகு போனில் அப்பா அழுதுகொண்டே சிரிப்பது கேட்டது.

"வந்துட்டம்மா, வந்துட்ட!"

அதற்கப்புறம்தான் இறங்கினாள்.