நஞ்சுக்கொடி புதைத்த முற்றம்

ஹாஜெரா ஒரு பயந்தாங்கொள்ளி. நொரியா ஊரின் ஆற்றங்கரையில் இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். குடியிருந்த ஏழு வீடுகளைப் பத்மா நதி விழுங்கியதைக் கண்ணால் பார்த்தவளுக்குப் பயம் வராமல் வேறென்ன வரும்? அவள் பிறந்தபோது அந்த மண் பாகிஸ்தான். பாவாடை கட்டித் திரிந்த வயதில் அது வங்காளதேசம் ஆனது. பிறந்த ஊர் மட்டும் இரண்டிலும் மிஞ்சவில்லை. இப்போது அதன் தலைக்கு மேல் லாஞ்சுப் படகு போகிறது.

அவள் மருத்துவச்சி. முன்னூறு பிள்ளைகளுக்கு மேல் எடுத்திருப்பாள். ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் நஞ்சுக்கொடியை மண்சட்டியில் போட்டு, அந்த வீட்டு முற்றத்திலேயே புதைக்க வைப்பாள். "இல்லேன்னா பிள்ளை ஊரில்லாம அலையும், பார்த்துக்க" என்று மிரட்டவும் செய்வாள். ஊரும் நம்பியது.

ஒரு பாத்ரா மாதத்தில், ஆவணி வெள்ளம் கரையை அரித்துக்கொண்டிருந்த நாளில், மொக்தார் வீட்டுக்கு ஹாஜெரா போனபோது முற்றத்தின் குறுக்கே விரல் அகலத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அப்படி வெடித்த மண் ஆற்றோடு போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே மொக்தாரின் மனைவி லிபி வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் தலை இறங்கிவிட்டது, அவளைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. வெளியே ஆண்கள் போல்ட்டைக் கழற்றித் தகரச் சுவர்களை ஒவ்வொன்றாக உருவி, மேட்டுச் சாலைக்குச் சுமந்தார்கள். அந்தக் கரையில் வீடு கட்டுவதே கழற்றுவதற்குத்தான்.

"சாச்சி, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று மொக்தார் கத்தினான்.

"என்னைக் கேட்டா? உன் பொண்டாட்டியக் கேளு!" என்றாள் ஹாஜெரா.

சுவர் போனது. கூரை போனது. நாலு பெண்கள் புடவையை மறைப்பாக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்பக்கத்து வாழைக்கூட்டம் மண்ணோடு சரிந்த சத்தம் கேட்டதும் அவர்களில் ஒருத்தி புடவையை விட்டுவிட்டு ஓடினாள். ஹாஜெராவுக்கும் ஓடவேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் லிபி அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள்.

பெண் பிள்ளை பிறந்தது. கொடி அறுத்து, நஞ்சு விழுந்ததும், தாயையும் பிள்ளையையும் கதவுப் பலகையில் கிடத்திச் சாலைக்குத் தூக்கினார்கள். ஹாஜெரா சட்டியோடு பின்னால் ஓடினாள். மேட்டில் ஏறி மூச்சு வாங்கக் கீழே வைத்தாள். திரும்பிப் பார்த்தால் சட்டியைக் காணோம். மண்வெட்டியோடு மொக்தார் முற்றத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

அவனை அங்கே அனுப்பியது ஆறு இல்லை, அவளுடைய வாய். எந்தத் தைரியத்தில் கீழே இறங்கினாளோ, அவளுக்கே தெரியாது.

"டேய், வாடா! அதெல்லாம் பொய்டா! உங்கள மிரட்டுறதுக்குச் சொன்னேன்!"

அவன் வெடிப்புக்கு அந்தப் பக்கம் நின்று வெட்டிக்கொண்டிருந்தான். வெடிப்பு இப்போது ஒரு சாண்.

"என் கொடியும் ஆத்துக்குள்ளதான் கெடக்கு. நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

மொக்தார் நிமிர்ந்தான். "ஏழு வீடு மாறிட்டியே சாச்சி. எம் பொண்ணுக்கும் அது வேணுமா?"

வெடிப்பைத் தாண்டினாள். சட்டியைப் பிடுங்கி ஆற்றில் வீசினாள். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். இருவரும் இந்தப் பக்கம் வந்து விழுந்து, எழுந்து ஓடினார்கள். முதுகுக்குப் பின்னால் முற்றம் முழுசாகப் போன சத்தத்தை அவள் உடம்பு கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

மொக்தார் சாலையோரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பலகையில் கிடந்த லிபி கண்ணைத் திறந்தாள்.

"சாச்சி, கொடிய எங்க புதைச்சீங்க?"

ஆற்றுக்குக்கூட அவள் அப்படிப் பயந்ததில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "உன் வீட்டு முற்றத்துலதான்டி" என்றாள். அது பொய்யும் இல்லை. முற்றமும் அந்நேரம் கொடி கிடந்த ஆற்றுக்குள்தான் போய்ச் சேர்ந்திருந்தது.