எதிரே வராதவள்

என் அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். புனேயின் ஓரத்தில், எங்களைப் போல வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். அப்பா முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அம்மாவும் நானும் சமையலறைக்குள் இருக்க வேண்டும். தெருமுனையில் சைக்கிள் மணி கேட்ட பிறகுதான் வெளியே வரலாம். பெண்முகம் எதிரே வந்தால் வேலையில் விபரீதம் நடக்கும் என்பது அவர் நம்பிக்கை. தப்பித்தவறி வந்துவிட்டால் திட்ட மாட்டார். திரும்பி வந்து, ஷூவை அவிழ்த்து, உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது தொடங்கியதாம் இது. தெருக்குழாயில் தண்ணீர் வராததால் அம்மா காலிக் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். வாசலில் அப்பா எதிர்ப்பட்டார். அன்று அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்த நண்பருக்கு இரண்டு விரல்கள் போயின. காலிக் குடம் ஆகாது என்று ஊரே சொல்லும். அப்பாவோ குடத்தை விட்டுவிட்டு முகத்தைப் பிடித்துக்கொண்டார். முதலில் அம்மாவின் முகம், அப்புறம் வளர்ந்துவிட்ட என் முகம், அப்புறம் தெருவில் இருந்த எல்லாப் பெண்களின் முகமும்.

அதற்காக அவரைக் கொடுமைக்காரர் என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். தொண்ணூறுகளில் நான் பொறியியல் படிக்க ஆசைப்பட்டபோது, பொட்டப்பிள்ளைக்கு எதற்கு அதெல்லாம் என்று கேட்ட சித்தப்பாவுடன் பேச்சையே நிறுத்தியவர் அவர். கல்லூரியில் சேர்க்கச் சைக்கிளில் கூட்டிப்போனவரும் அவர்தான். பின்னால், கேரியரில். எதிரே அல்ல.

சமையலறைக் கதவிடுக்கு வழியாக அவரைப் பார்ப்பேன். ஷூ கயிற்றை முடிச்சுப் போடுவார், அவிழ்ப்பார், மறுபடி போடுவார். எந்நேரமும் வெடிக்கக்கூடிய சாமான்களைத் தொட்டு வேலை செய்பவரின் பயம் அது. யார்மேலாவது அதை இறக்கி வைக்க வேண்டியிருந்தது, நாங்கள் கிடைத்தோம். பாவமாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும்.

அப்பா ஓய்வு பெற்றார், பழக்கம் ஓய்வு பெறவில்லை. அதற்குள் எனக்கு ஹிஞ்சேவாடியில் ஐ.டி. கம்பெனி வேலை கிடைத்து, அதற்குப் பக்கமாக ஔந்தில் ஒரு ஃப்ளாட்டில் மூவரும் குடியிருந்தோம். கீழே கம்பெனி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். நான் பையை மாட்டிக்கொண்டு சமையலறையில் அம்மாவோடு ஒடுங்கி நிற்பேன். அப்பா பால் வாங்கக் கிளம்பிக்கொண்டிருப்பார். ஒருநாள் பொறுமை போய், பால் பாக்கெட்டில் என்னப்பா வெடிக்கப்போகிறது என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"எனக்கும் புரியுதும்மா. ஆனா கால் நகர மாட்டேங்குது" என்றார்.

அந்தப் பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. புரிந்தும் கால் நகரவில்லை என்றால் அது வியாதிதானே? எங்கள் அலுவலகத்துக்கு வாரம் ஒருமுறை ஒரு மனநல ஆலோசகர் வருவார், மராட்டிக்காரப் பெண்மணி. அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். உண்மையைச் சொன்னால், ஆமாம், வியாதிதான் என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று தவித்தேன். வியாதி என்றால் மாத்திரை உண்டு. அப்பாவை மன்னித்துவிடலாம்.

அவர் அவசரப்படவில்லை. பயம் ஒருவருக்கு வியாதியாக இருக்கலாம், ஆனால் அதைப் பெண்கள்மேல் போடலாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஊர்தானே, ஊருக்கு நான் எப்படி மருந்து எழுதுவது என்றார். எல்லாவற்றையும் வியாதி என்று எழுதிவிட்டால் சித்தப்பா மாதிரி ஆட்களும் மெடிக்கல் லீவில் தப்பித்துக்கொள்வார்களே என்று எனக்கும் பட்டது. கடைசியில், அப்பா நன்றாகத் தூங்குகிறாரா என்று கேட்டார். படுத்த உடனே குறட்டை என்றேன். அம்மா? என்றார் அடுத்து. அம்மாவைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

சில மாதங்களில் அப்பாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை செய்யும்படி ஆனது. ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும் வழியில் ஸ்ட்ரெச்சரை லிஃப்ட் அருகே நிறுத்தியிருந்தார்கள். பச்சை அங்கி போர்த்திய அப்பா தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார்.

"உங்கம்மா எங்க? முன்னால வந்து நிக்கச் சொல்லு. அவ முகத்தப் பாத்துட்டுப் போறேன்."

செத்துப்போவோமோ என்ற பயம் வந்ததும் மற்ற பயங்கள் எல்லாம் போய்விட்டன போலிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடினேன். அம்மா மாடிப்படித் திருப்பத்தில், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அப்பா கூப்பிடுகிறார் வா என்று கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

"அன்னிக்குக் குடத்தோட எதிர்ல வந்தேனே, அது போதாதா? அந்த மனுசனுக்கு வெரலு போச்சு. நான் வரமாட்டேன்."

அவளும் அதை நம்பிக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. அப்பாவின் கிறுக்குக்குப் பணிந்துபோகிறாள் என்றே நினைத்திருந்தேன். அந்த விரல்களை அத்தனை வருடமும் இவள் தன் தலையில் சுமந்திருக்கிறாள். நான் திரும்பி ஓடிவருவதற்குள் லிஃப்ட் கதவு திறந்துவிட்டது. அப்பா என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

நல்லபடியாக முடிந்தது. டாக்டர் வந்து சொன்னதும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகில், "பாத்தியா, நான் எதிர்ல வரல. அதான் பொழச்சு வந்துட்டாரு" என்றாள். தன்னை நினைத்துப் பெருமைப்பட்ட அந்த முகத்திடம் நான் என்ன சொல்வது?

வீடு திரும்பிய பிறகு அப்பாவைக் காலையில் நடக்கச் சொன்னார்கள். ஷூவை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்பார். இந்தா, வெளியில வா, உன்னப் பாத்துட்டுப் போறேன் என்று கூப்பிடுவார். மறுபடி கூப்பிடுவார். அம்மா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, காது கேட்காதவள் போல, அவர் படியிறங்கும் வரை பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள்.