நடுச்சுவர்

ஆவுடைநாயகம் சுவரைத் தட்டிப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னார். 1961, ஆனி மாதம். தென்காசியில் அவர் வீடும் இசக்கிப்பாண்டி வீடும் ஒரே வரிசையில் ஒட்டி நின்றன. இசக்கிப்பாண்டி தன் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறான்.

"நடுச்சுவரை எடுத்தா உங்க பக்கம் சேதம் வருமா அண்ணாச்சி?"

கேட்கத் தகுந்த ஆள்தான். பம்பாயில் ஒரு காண்டிராக்டரிடம் இருபது வருஷம் கட்டிடப் படம் வரைந்தவர். போன ஊரிலெல்லாம் ஒட்டு வீடுகளை அளந்து நோட்டில் குறித்திருந்தார். பம்பாயில் மாடிக்கு மாடி ஒரே நீண்ட நடை, அதைப் பார்த்து வரிசையாகக் கதவுகள். திருவல்லிக்கேணியில் எல்லோருக்கும் ஒரு முற்றம், ஒரு குழாய். கும்பகோணத்தில் அவர் அளந்த தெருவில் வீட்டுக்கு வீடு தனிச்சுவர், முதுகோடு முதுகு ஒட்டி. தட்டினால் நடுவிலுள்ள இடைவெளி பொக்கென்று கேட்கும்.

இங்கேயும் பொக்கென்றுதான் கேட்டது.

"ரெண்டு சுவருலே. உன்னுதை நீ தாராளமா எடு."

இடிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் வெளியே சாரல். குற்றாலத்துப் பாசியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த அவர் மனைவி குழல்வாய்மொழி, அந்தச் சுவரோரக் கட்டிலில் கிடந்தாள். நாற்பது நாள் அசைக்கக் கூடாது என்பது கட்டுப் போட்ட வைத்தியர் சொல். பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.

"பம்பாய்க்காரர் பொண்டாட்டி மேல மண்ணு விழுது," என்று சிரித்தாள். அவர் போர்வையைத் தட்டிவிட்டார்.

"அண்ணாச்சி, ஒரு எட்டு இங்கன வாங்க." அடுத்த வீட்டிலிருந்து கொத்தனார் தங்கசாமியின் குரல்.

போய்ப் பார்த்தார். பாதி இடித்த சுவரில், எப்போதோ பூசி மூடிய விளக்கு மாடம் ஒன்று வாயைப் பிளந்திருந்தது. பொக்கென்று கேட்டது அதுதான். அதற்கு மேலே கறுத்த தேக்கு உத்தரத்தின் முனை.

"இந்த வீட்டு உத்தரம் எல்லாம் கீழ கிடக்கு. இது யாருது?"

அது அவர் வீட்டு உத்தரம். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். முனைக்குக் கீழே மிச்சம் இரண்டு வரிசைச் செங்கல். அந்த உத்தரத்துக்கு நேர் கீழே அவள்.

"யாரும் தொடாதீங்கலே!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

"ஏட்டி, உன்னைத் தூக்கணும்."

"வைத்தியரு என்ன சொன்னாரு?"

"வைத்தியரு சுவரைப் பாக்கல."

கட்டில் மூன்றடி அகலம், வாசல் இரண்டரை அடி. அளந்தே வாழ்ந்தவருக்கு அது பார்த்ததும் தெரிந்தது. மண் பொலபொலவென்று கொட்டத் தொடங்கியிருந்தது. இசக்கிப்பாண்டியும் தங்கசாமியும் ஓடி வந்தார்கள். ஜமுக்காளத்தோடு சேர்த்து அவளைத் தூக்கினார்கள். அவள் போட்ட அலறல் தெருமுனை வரை கேட்டது. வாசலைத் தாண்டியதும் உத்தரம் இறங்கிக் கட்டிலை இரண்டாக மடக்கியது.

எலும்பு கோணலாகத்தான் கூடிற்று. ஒரு கால் குட்டையாகி, வீட்டுக்குள் அவள் விந்தி விந்தி நடந்தாள். அந்தச் சத்தம் ஒரு கணம் நின்றாலும் அவர் பதறி எழுந்து போய்ப் பார்ப்பார்.

"இருக்கேன், இருக்கேன். போயி உக்காருங்க."

அறுபத்தேழாம் வருஷம் ஒரு காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகும் அவர் எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.